துப்புகிற தொழில்

என் தொழில் துப்புவது.
காலை எட்டரை, யூனியன் பிளேஸில் நாலாம் மாடி.
வெள்ளைக் கோப்பைகள் வரிசை கட்டி நிற்கும்.
கரண்டியால் அள்ளி, உஸ்ஸென்று இழுத்து,
நாக்கோரத்தில் ஒரு கணம் நிறுத்தி
சில்லுப் பூட்டிய தொட்டிக்குள் துப்பிவிட்டு
அடுத்த தோட்டத்துக்கு நகர்வேன்.

மார்ச்சில் முரசு வீங்கியது.
பம்பலப்பிட்டியில் டொக்டர் ஸுஹைரா
பல்லிடுக்கில் சுரண்டியதைக் கண்ணாடியில் தடவி
திரையில் போட்டுக் காட்டினா.
உருண்டை. கோல். சுருள்.
மாலை ஐந்து மணிக்குப் புறக்கோட்டையில்
மழை இறங்கியதும் சனம் ஓடுமே,
அந்த ஓட்டம்.
இத்தனை பேரிடமும் ஒரு சதம் வாடகை கேட்டதில்லை நான்.

"சீனி கிடைச்சா அமிலம் வடிப்பாங்க.
பசையால கூரை போட்டு
ஒருத்தன் தலையில ஒருத்தன் மாடி எழுப்புவான்.
சும்மா மருந்து ஊத்தினா மேல்மாடிதான் சாகும்.
கீழ்வீட்டுக்காரன் கதவைச் சாத்திட்டு இருப்பான்.
முதல்ல பிரஷ்ஷால இடிக்கணும்."

குளோர்ஹெக்சிடின்.
பெயரைச் சொல்லி முடிப்பதற்குள்
பாதி வாய் கழுவுப்பட்டுவிடும்.
அதற்கு நேர்மின்னாம், பக்டீரியாவின் தோலுக்கு எதிர்மின்.
போய் ஒட்டும்.
தோல் பிய்யும், உள்ளிருப்பது வெளியே கசியும்.
சத்தமில்லாத சாவு.
பிறகும் போகாது;
பல்லிலும் முரசிலும் குந்தியிருந்து
பன்னிரண்டு மணி நேரம் கொஞ்சம் கொஞ்சமாய் இறங்கும்.
எங்கள் ஃபிளாட் காவல்காரர் இதில் பாதி நேரமாவது
விழித்திருந்தால் என் சைக்கிள் போயிராது.

"பல் தீட்டி அரை மணி விட்டுக் கொப்பளிங்க,
பற்பசை நுரை இதைக் கட்டிப்போட்டுரும்.
உப்பும் கசப்பும் கொஞ்ச நாளைக்கு மட்டுப்படும்.
தேத்தண்ணி வாணாம், பல் கறுக்கும்.
நீங்க என்ன வேலை?"

சொன்னேன்.
முகக்கவசத்துக்குள் சிரித்தது
கண்ணில் தெரிந்தது.

லீவு போடவில்லை. செவ்வாய் ஏலம்.

மூன்றாம் நாள், சம்பலில் உப்பில்லையென்று
அறைத்தோழி தர்ஷாயினியோடு சண்டை.
உப்புப் போத்தலை என் பக்கம் தள்ளினாள்.
கொட்டினேன். இன்னும் கொட்டினேன்.
அவள் சாப்பாட்டை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள்.

கோப்பைகளிடம் போனேன்.
சூடு தெரிந்தது. துவர்ப்பு நாக்கைச் சுருக்கியது.
கசப்பு இருக்கவேண்டிய இடத்தில்
யாரோ எழுந்துபோன நாற்காலி.

பக்கத்தில் மில்ரோய், இருபத்தாறு வருடச் சர்வீஸ்.
பிடித்ததை மெதுவாய்த் துப்புவார்,
பிடிக்காததற்குத் தொட்டி அதிரும்.
கண்ணைத் தாழ்த்திக்கொண்டு
அந்தச் சத்தத்தைக் கேட்டுக் கேட்டு
நான் இலக்கம் எழுதினேன்.
முதல் நாள் பயம்.
அடுத்த நாள் கொஞ்சம் பெருமைகூட.

வெள்ளிக்கிழமை, அறுபத்து மூன்றாம் கோப்பைக்கு முன்னால்
அவர் கரண்டியைக் கீழே வைத்தார்.
"இந்தக் கிழமை எல்லாத்தையும்
ஒரே மாதிரித் துப்புறாய். ஏன்?"

எனக்கு வாய் வரவில்லை.
அவர் ஏன் கேட்டுக்கொண்டிருந்தார் என்று
நானும் கேட்கவில்லை.

போத்தல் முடிந்தது.
கீழ்ப்பற்களின் இடுக்கில் பழுப்புக் கோடு;
கழுவ மறந்த கோப்பையின் உட்சுவர் நிறம்.
கண்ணாடி முன்னால் தரம் பார்த்தேன்:
நடுத்தர உயரம், மழைக்காலப் பறிப்பு,
விலை போகாது.

பிறகொரு மாலை வெள்ளவத்தையில்
தண்டவாளம் தாண்டிக் கல்லில் நிற்க
உதட்டில் உப்பு.
முதலில் நம்பவில்லை. நக்கிப் பார்த்தேன்.
பாணந்துறை ரயிலின் மிதிபலகையில் தொங்கியவன்
என்னைப் பார்த்து விசிலடித்துக்கொண்டு போனான்.

உப்பு வந்தால் அவர்களும் வந்திருப்பார்கள்,
மூட்டை முடிச்சோடு,
முதல் மாடிக்குக் கல் அடுக்கத் தொடங்கியிருப்பார்கள்.
வீட்டுக்குப் போய்ப் பிரஷ்ஷை எடுத்தேன்,
கீழ்வீட்டுக்காரனின் கதவைத் தட்ட.